நாய்க்கடியும் நட்டஈடும்



வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவன முடியுடை வேந்தரும், அவர் எழுப்பிய கோயில்களும், அவர் பொருத போர்களுமே ஆகும். நான் இன்று உங்களிடம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ நாய்க்கடி. இதற்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் நகைக்கவும் கூடும். ஆயினும், நாய் கடித்தால் கடிபட்டவனுக்கு யார் பதில் சொல்வது என்னும் வினா, ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளாக மனிதர் கேட்டுவரும் வினாவாகும். அவ்வினாவுக்கு விடை தெரியாமல் நான் செய்த பிழை ஒன்று உண்டு. அதனை முதலிற் சொல்லிவிட்டே வரலாற்றுக்குள் நுழைய விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் பெருவழியில், வைகையின் வடபுறத்தே அமைந்தது எங்கள் பரவை. இப்பக்கத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற மறு ஆண்டு, 1998-இல், ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளிக்கு வரும் வழியில் நாயால் கடிபட்டான். பதினொரு வயதுச் சிறுவன். கடித்தது தெருநாய் அன்று. வசதி படைத்த ஒருவரின் வீட்டு நாய். அந்நாய் அதற்கு முன்பே தபால்காரரையும், பால் கொண்டுவரும் பெரியவரையும் கடித்திருந்தது. அதனைத் தெரு முழுதும் அறியும், வீட்டுக்காரரும் அறிவார். ஆயினும் அது பகலெல்லாம் அவிழ்த்துவிடப்பட்டே திரிந்தது.

சிறுவனின் வலக்காற் கெண்டைச்சதை கிழிந்து தொங்கிற்று. யாரோ ஓர் அம்மையார் அன்பினால் காயத்தில் மிளகாய்ப் பொடியை அப்பிவிட்டிருந்தார். ஆசிரியப் பயிற்சியின்போது கற்ற முதலுதவி அன்று எனக்குக் கைகொடுத்தது. பொடியைக் கழுவி, சோப்பு இட்டு, ஓடும் நீரில் நெடுநேரம் காயத்தை அலம்பி, மருத்துவமனைக்கு அனுப்பினேன். அந்நாளில் அரசு மருத்துவமனைகளில் போடப்பட்டது பழைய முறைத் தடுப்பூசி. வயிற்றில், தொப்புளைச் சுற்றிலும், நாள்தோறும் ஒன்றாகப் பதினான்கு ஊசி. தந்தை கூலித் தொழிலாளி. மகனைத் தோளில் சுமந்து பேருந்தேறிச் சென்றுவந்த நாளெல்லாம் அவருக்குக் கூலி இல்லை.

இரண்டு வாரம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் மந்தையில் கூடினார்கள். என்னையும் அழைத்தார்கள். நாய்க்காரர் முந்நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார். ஊரில் பகை வேண்டாம் என்பது பெரியவர்களின் கருத்து. எனக்கும் அதுவே நல்லதாகத் தோன்றிற்று. முந்நூறு ரூபாய் பெற்றுக்கொண்டதாகவும், இனி இதுபற்றி எவ்வித வழக்கும் தொடுப்பதில்லை என்றும் ஒரு தாளில் என் கையாலேயே எழுதினேன். “வாத்தியாரையா, நீங்க எழுதுனாச் சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லி அத்தந்தை கைந்நாட்டு வைத்தார்.

காயம் சீழ் பிடித்து ஆறுவதற்கு மாதங்கள் ஆயின. பையன் அவ்வாண்டுத் தேர்வை எழுதவில்லை. கெண்டைச்சதை சுருங்கி, நடையில் ஒரு சாய்வு நிலைத்துவிட்டது. அந்தத் தாளைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இராக் நாட்டின் தலைநகராகிய பாக்தாதுக்கு அருகே தெல் ஹர்மால் என்னும் மேடு ஒன்று உண்டு. 1945-இலும் 1947-இலும் அங்கு நடந்த அகழ்வில், ஆப்பெழுத்துப் பொறித்த களிமண் பலகைகள் இரண்டு கிடைத்தன. எஷ்ணுன்னா என்னும் பழைய நகரத்தின் சட்டங்கள் அவற்றில் எழுதப்பட்டிருந்தன. அம்முராபி மன்னனின் புகழ்பெற்ற சட்டத்தொகுதிக்கும் சற்று முந்தியவை அவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒரு சட்டம் நாயைப் பற்றியது. ஒருவனுடைய நாய் பொல்லாதது என்று அப்பகுதி அதிகாரிகள் அவனுக்கு அறிவித்திருக்க, அவன் அதனைக் கட்டிவைக்காமல் விட்டு, அது ஒரு மனிதனைக் கடித்து அவன் இறந்துபட்டால், நாய்க்குரியவன் 40 ஷெக்கல் வெள்ளி தரவேண்டும். இன்றைய நிறையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கிலோகிராம் வெள்ளி. இறந்தவன் அடிமையாயின் 15 ஷெக்கல் போதும்! உயிருக்கு உயிர் வேற்றுமை காட்டிய அக்கொடுமையை இங்கே மறைக்க வேண்டுவதில்லை.

இச்சட்டத்தில் நீங்கள் உற்றுநோக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘அறிவித்தல்’. நாய் கடித்தது என்பதனால் மட்டும் பொறுப்பு வந்துவிடவில்லை. நாயின் குணத்தை அவன் அறிந்திருந்தான். அறிந்தும் வாளாவிருந்தான் என்பதே குற்றம். இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு சென்றால் இன்றைய நீதிமன்றத்தின் வாயில் வரையில் நாம் சென்று சேரலாம்.

கிரேக்க நாட்டில், ஏதென்சு நகரின் சட்டங்களை வகுத்த சோலோன், கடித்த நாயைக் கழுத்தில் மூன்று முழக் கட்டை பூட்டி ஒப்படைக்க வேண்டும் என்று விதித்தான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். உரோமாபுரியின் பன்னிரு பலகைச் சட்டத்திலோ வேறொரு வழி இருந்தது. விலங்கினால் தீங்கு நேர்ந்தால், அதற்குரியவன் தீங்குக்கு ஈடு கொடுக்கலாம். இயலாவிட்டால் அந்த விலங்கையே கொடுத்துவிடலாம். நாயைக் கொடுத்துவிட்டால் கடிபட்டவனின் புண் எங்ஙனம் ஆறும் என்று உரோமர் எண்ணினரோ இல்லையோ, நாம் எண்ணாதிருக்க முடியாது.

நம் நாட்டில் யாக்ஞவல்கிய ஸ்மிருதி இவ்விஷயத்தைத் தொடுகிறது. கொம்பும் கோரைப்பல்லும் உடைய விலங்கு ஒருவனைத் தாக்கும்போது, அதனை விலக்கும் ஆற்றல் இருந்தும் விலக்காத உடைமையாளனுக்குத் தண்டம் உண்டு; தாக்கப்பட்டவன் கூவி அழைத்தும் வாராதிருந்தால் தண்டம் இரு மடங்கு. கூவி அழைத்தல் என்பதும் ஒருவகை அறிவித்தலே அன்றோ? ஆனால் அந்தத் தண்டப்பணம் சேர்வது அரசனின் கருவூலத்தில். தண்டம் வேறு, நட்டஈடு வேறு. தண்டம், பிழைத்தவனை நோக்கியது. நட்டஈடு, பிழைக்கப்பட்டவனை நோக்கியது. பரீட்சைக்காக அன்று, வாழ்க்கைக்காக இவ்வேறுபாட்டை மனத்திற் பதித்துக்கொள்ளுங்கள்.

தமிழகத்தில், நீதி என்ற பேச்சு எழுந்தால் திருவாரூரில் பசுவின் கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட சோழனைச் சொல்லாதார் இல்லை. அக்கதையின் பெருமை பெரிதுதான். எனினும் நான் வகுப்பில் அதனை நடத்தும்போதெல்லாம், சோழர் காலக் கல்வெட்டுகளைப் பற்றியும் சேர்த்தே சொல்வேன். வேட்டைக்குச் சென்ற இடத்தில் குறிதவறி எய்து ஒரு மனிதனைக் கொன்றவன், கொலை செய்யும் கருத்தில்லாதவன் என்று சபையார் தெளிந்து, கோயிலில் நந்தாவிளக்கு ஒன்று எரிக்க ஆடுகளையோ பசுக்களையோ அவன் அளிக்குமாறு தீர்ப்புச் செய்த செய்திகளை அவற்றிற் காண்கிறோம். விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்பது அக்காலத்துப் பெருவழக்கு. கருத்தில்லாத பிழைக்கு உயிர்த்தண்டனை இல்லை என்று கண்ட அவர்களின் அறிவு போற்றத்தக்கது. ஆனால் விளக்கு கோயிலில் எரிந்தது. இறந்தவனின் மனையில் அடுப்பு எரிந்ததா என்பதைக் கல்வெட்டு பெரும்பாலும் பேசுவதில்லை.

நாயைப் பகைத்து நான் பேசுவதாக நினைக்கவேண்டா. திருவண்ணாமலைப் பக்கத்தில் எடத்தனூர் என்னும் ஊரில், பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. ஆநிரைப் பூசலில் வீரன் ஒருவன் மாண்டான். கோவிவன் என்ற அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. வீரனோடு அந்நாயையும் கல்லில் பொறித்துப் பெயரும் எழுதி வைத்தனர் நம் முன்னோர். கடித்ததற்காகச் சிறப்புப் பெற்ற நாய் அது.

ஆங்கிலேயர் ஆட்சியோடு நாம் நீதிமன்றங்களின் காலத்துக்கு வருகிறோம். 1846-இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. கடித்தது நாயன்று, குரங்கு! ஒரு பெண்மணியைக் குரங்கு கடித்துவிட்டது. அதன் பொல்லாத இயல்பை அறிந்தே ஒருவர் அதனை வளர்த்தாராயின், விளையும் தீங்குக்கு அவரே பொறுப்பு. கவனக்குறைவு என்று தனியே மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்று நீதிமன்றம் தீர்த்தது. மீண்டும் அதே ‘அறிதல்’. நாயைப் போன்ற வீட்டு விலங்குகளுக்கு இவ்விதி பொருந்தும்போது, முன்னரே கடித்த வரலாறு உண்டா என்ற கேள்வி எழும். அதனால் முதற்கடிக்கு விலையில்லை என்று வழக்கறிஞர்கள் வேடிக்கையாகப் பேசுவதுண்டு. இன்னொரு விந்தையையும் கேளுங்கள். 1865-ஆம் ஆண்டு நாய்கள் சட்டத்தின்படி இங்கிலாந்தில் நாய் ஆட்டையோ மாட்டையோ கடித்தால், நாயின் இயல்பை உடையவன் அறிந்திருந்தானா என்று கேட்கவேண்டியதில்லை. ஈடு கொடுத்தே ஆகவேண்டும். மனிதனைக் கடித்தால் மட்டும் அறிந்திருந்தானா என்று மெய்ப்பிக்க வேண்டும். இவ்வேற்றுமை 1971-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நீடித்தது.

இந்தியாவில் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 289-ஆம் பிரிவு, தன்வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி காக்க, அறிந்தோ கவனக்குறைவாலோ தவறுபவனுக்கு, ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்தது. 1860-இல் ஆயிரம் ரூபாய் என்பது ஏழைக் குடும்பம் ஒன்று ஆண்டுக்கணக்கில் உண்ணக்கூடிய பணம். காலம் மாறிற்று, விலைவாசி மாறிற்று; அந்த ஆயிரம் மட்டும் மாறாமலே இருந்தது. 2024 ஜூலை 1-ஆம் நாள் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதுதான், அதன் 291-ஆம் பிரிவில் அது ஐயாயிரம் ஆயிற்று. இந்த அபராதமும் அரசுக்கே உரியது. எனினும் அபராதத் தொகையிலிருந்து தீங்குற்றவனுக்கு ஒரு பகுதியைக் கொடுக்க நீதிபதி ஆணையிடலாம் என்று 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இடம் இருந்தது. இது போதாதெனில், உரிமையியல் நீதிமன்றத்தில் தனியே நட்டஈட்டு வழக்குத் தொடுக்கலாம்.

சட்டம் ஒருபுறம் இவ்வாறு நடக்க, மருத்துவம் அதனினும் விரைந்து நடந்தது. 1885 ஜூலையில், பாரிசு நகரில், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை லூயி பாஸ்டர் காப்பாற்றிய கதையை நீங்கள் அறிவீர்கள். நம் நாட்டில் 1900-இல் வடக்கே கசௌலியில் பாஸ்டர் நிலையம் தோன்றிற்று. தெற்கே ஒன்றும் இல்லை. 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கில இளம்பெண் இந்நோயால் இறந்தாள். அத்துயரமும், ஹென்றி பிப்ஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் வைசிராய் கர்சன் பிரபுவிடம் அளித்திருந்த பெருங்கொடையின் ஒரு பகுதியும் சேர்ந்து, 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழக் காரணமாயின. கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் கண்ட, ஆட்டு மூளையிலிருந்து செய்யும் தடுப்பூசியே நெடுங்காலம் நம்மவர் வயிற்றில் ஏறியது. நரம்பைத் தாக்கும் பின்விளைவு சிலருக்கு உண்டாகக்கூடிய மருந்து அது. 2004-ஆம் ஆண்டு இறுதியில்தான் இந்தியாவில் அது கைவிடப்பட்டது. இன்று தோளில் போடப்படும் நாலைந்து ஊசியோடு காரியம் முடிகிறது. எங்கள் பள்ளிச் சிறுவன் பழைய முறையின் கடைசி ஆண்டுகளில் அகப்பட்டவன். மருந்து எவ்வளவு மாறினாலும், கடித்தவுடன் பதினைந்து நிமிடம் சோப்பும் நீரும் கொண்டு கழுவுவதற்கு மாற்று இன்றுவரை இல்லை. நோய் கண்டபின் அதனைத் தீர்க்கும் மருந்தும் இல்லை.

இதுவரை நாம் பேசியதெல்லாம் உரியவன் உள்ள நாயைப் பற்றி. உரியவனே இல்லாத தெருநாய் கடித்தால்? பழஞ்சட்டங்கள் யாவும் இங்கே வாய்மூடி நிற்கின்றன. தெருவுக்கு உரியது ஊராட்சியும் நகராட்சியும் அரசும் என்றால், அவற்றின்மேல் வழக்காட முடியுமா? அரசன்மேல் வழக்கு ஏது என்பது பழைய எண்ணம். மதுரையில் கண்ணகி கேட்ட கேள்வி அவ்வெண்ணத்தை எரித்தது. அவளும் வெறுங்கையோடு அரண்மனைக்குச் செல்லவில்லை, கையில் சான்றாக ஒற்றைச் சிலம்பு இருந்தது என்பதை நினைவிற் கொள்க. ஆங்கில ஆட்சியில் 1861-இல் கல்கத்தா உச்சநீதிமன்றத்தின் முன் ஒரு வழக்கு வந்தது. அரசுப் பட்டறைத் தொழிலாளர் சுமந்துவந்த இரும்புப் பாளத்தைச் சாலையில் போட்டுவிட, மிரண்ட வண்டிக் குதிரை ஒன்று காயம்பட்டது. குதிரைக்கு உரிய கப்பல் கம்பெனி அரசின்மேல் வழக்குத் தொடுத்து வென்றது. தனியார் செய்யக்கூடிய தொழிலை அரசு செய்யும்போது நேரும் தீங்குக்கு அரசும் பொறுப்பே என்று நீதிமன்றம் சொல்லிற்று. குதிரைக்குக் கிடைத்த நீதி மனிதனுக்கு விரிய நெடுநாள் ஆயிற்று. 1983-இலும் 1993-இலும் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்புகளுக்குப் பின்னரே, அரசமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிருரிமை அரசின் குறையால் கெடுமாயின் அரசு நட்டஈடு தரவேண்டும் என்னும் கொள்கை நிலைபெற்றது.

தெருநாய்களைக் கொன்றொழிப்பதே ஊராட்சிகளின் வழக்கமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அவ்வழி மாறியதில் மதுரைக்கும் ஒரு பங்குண்டு. 1904-இல் இம்மதுரையிற் பிறந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள், மாநிலங்கள் அவையில் கொண்டுவந்த மசோதாவின் வழியேதான் 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நாட்டியத்துக்காக அவரை நினைப்பவர்கள் இதற்காகவும் நினைக்கவேண்டும். அச்சட்டத்தின்கீழ் 2001-இல் வந்து 2023-இல் திருத்தி அமைக்கப்பட்ட விதிகள், தெருநாய்க்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுவதை உள்ளாட்சிகளின் கடமையாக்கின. அக்கடமையை உள்ளாட்சி செய்தால் நாயும் வாழும், மனிதரும் வாழ்வர். செய்யாதபோதுதான் வழக்குப் பிறக்கிறது.

2016 ஏப்ரலில் உச்சநீதிமன்றம், கேரளத்தில் நாய்க்கடிபட்டோரின் முறையீடுகளைக் கேட்டு நட்டஈட்டைப் பரிந்துரைக்க, ஓய்வுபெற்ற நீதிபதி சிரிஜெகன் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. வழக்காட வசதியற்றவர்களும் ஒரு விண்ணப்பத்தோடு செல்லக்கூடிய இடமாக அது இருந்தது. 2023 நவம்பரில் பஞ்சாப்-அரியானா உயர்நீதிமன்றம், 193 மனுக்களை ஒருசேரக் கேட்டு, இன்னும் ஓரடி முன்சென்றது. நாய்க்கடியில் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது பத்தாயிரம் ரூபாய். சதை பிய்ந்திருந்தால் ஒவ்வொரு 0.2 சென்டிமீட்டருக்கும் குறைந்தது இருபதாயிரம் ரூபாய். விண்ணப்பித்த நான்கு மாதத்துக்குள் மாவட்டக் குழு முடிவு சொல்லவேண்டும் என்று விதித்தது. அளவுகோலைக் கொண்டு புண்ணை அளப்பதா என்று சிலர் முகஞ்சுளித்தனர். எனக்கு எஷ்ணுன்னாவின் நாற்பது ஷெக்கல்தான் நினைவுக்கு வந்தது. ஏழைக்கு, நீதிபதியின் இரக்கத்தைவிட எழுதிவைத்த கணக்கே பெரிய பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

2025-இல் இச்செய்தி நாடெங்கும் பேச்சாயிற்று. டில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆகஸ்டு 11-இல் ஆணையிட்டனர். அம்மாதம் 22-இல் மூவர் அடங்கிய அமர்வு, வெறிநோய் கொண்டவையும் கொடுங்குணம் உள்ளவையும் அல்லாத நாய்களைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பழைய இடத்திலேயே விடலாம் என்று மாற்றியது. நவம்பர் 7-இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற ஆணை வந்தது. அதே 2025-இல் நம் தமிழக அரசு, தெருநாய் கடித்து இறந்த ஆடு, மாடு, கோழிகளுக்கு நட்டஈடு வழங்க நிதி ஒதுக்கிற்று. உழவர்க்கு அது நன்மையே. ஆயினும் 1865-ஆம் ஆண்டின் ஆங்கில ஆடுகள் என் நினைவுக்கு வந்ததை நான் எப்படித் தடுப்பேன்?

இப்பொழுது அந்தத் தாளுக்கு வருகிறேன். 2011-இல் எங்கள் பள்ளியில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் சார்பில் விழிப்புணர்வு முகாம் ஒன்று நடைபெற்றது. பேச வந்த வழக்கறிஞர் ஒரு பெண்மணி. சட்ட உதவி பிச்சையன்று, உரிமை என்றார். நீதிபதி கிருஷ்ணய்யர் தலைமையில் அமைந்த குழு 1973-இல் அளித்த அறிக்கை, 1976-இல் அரசமைப்பில் சேர்ந்த 39-அ பிரிவு, 1987-இல் இயற்றப்பட்டு 1995 நவம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த சட்டப்பணி ஆணைக்குழுச் சட்டம் என்று வரிசையாக விளக்கினார். பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், உடற்குறை உடையோர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவென்று கேளாமலே இலவச வழக்கறிஞர் உண்டு என்றார். முகாம் முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில், யாரோ ஒருவருக்கு நேர்ந்ததைப்போல 1998-ஆம் ஆண்டுச் செய்தியைச் சொல்லி, என்ன செய்திருக்கலாம் என்று கேட்டேன்.

அவர் சிறிதும் தயங்கவில்லை. “நாய் ஏற்கெனவே இருவரைக் கடித்தது உரியவருக்குத் தெரியும் என்கிறீர்கள், அதைவிட வலுவான வழக்கு வேறு வேண்டுமா? தந்தை கைந்நாட்டு வைத்ததனால் மட்டும் குழந்தையின் உரிமை போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது, வழக்காடியிருக்கலாம். கால எல்லை பொதுவாக மூன்றாண்டு, குழந்தைக்கோ பதினெட்டு வயது நிறைந்த பின்னரே அந்த மூன்றாண்டு தொடங்கும்” என்றார். நான் மனத்துக்குள் கணக்கிட்டேன். பதினொரு வயதில் கடிபட்டவன் இருபத்தொரு வயதை எட்டியது 2008-இல். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததோ 2011. கதவு மூடி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பத்தாண்டுக் காலம் அக்கதவு திறந்தே கிடந்தது. அவ்வூரில் எழுத்தறிந்தவன் என்று பெயர் பெற்ற நான் அது கதவு என்பதையே அறியாதிருந்தேன். சமாதானம் எழுதுவதற்கு முன் ஒரு நாள் பேருந்தேறி மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டிருந்தால் போதும்.

அன்று மாலை அவன் வீட்டுக்குச் சென்று உண்மையைச் சொன்னேன். தாயார் ஒன்றும் பேசாமல் மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவன்தான், “அதுக்கென்ன சார், நீங்க தண்ணி ஊத்திக் கழுவலேன்னா நான் இருந்திருக்கவே மாட்டேன்ல” என்றான். அச்சொல்லை ஆறுதலாக ஏற்றுக்கொள்ள என்னால் இன்றளவும் முடியவில்லை.

சென்ற ஆண்டு, பக்கத்து ஊரில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தெருநாய் கையில் கடித்தது. பெற்றோர் என்னிடம் வந்தனர். இம்முறை நான் எழுதிய தாள்கள் வேறு. காயத்தைக் கழுவி, அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டபின், விபத்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெறச் சொன்னேன். கடித்த நாள், நேரம், இடம் ஆகியவற்றைக் குறித்து, காயத்தைப் படம் எடுத்து வைத்தோம். போட்ட ஊசிகளின் அட்டை, பேருந்துச் சீட்டுகள், மருந்துச் சீட்டுகள், தந்தை வேலைக்குப் போகாத நாட்கள் ஆகிய அனைத்தும் ஓர் உறையில் சேர்ந்தன. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து மனு ஏற்புச் சீட்டைப் பெற்றோம். வீட்டு நாயாக இருந்தால் உரியவர்மேல் வழக்குப் பதியச் சொல்லலாம். தெருநாய்க்கு அது இயலாது, ஆனால் நிகழ்ச்சிக்கு அச்சீட்டே சாட்சி.

இனித்தான் ‘அறிவித்தல்’. அத்தெருவில் நாய்த் தொல்லை பற்றி முன்னர் யாரேனும் உள்ளாட்சிக்கு எழுதியதுண்டா என்று வீடு வீடாகக் கேட்டேன். இரண்டு முறை எழுதியிருக்கிறார்கள். முதல் மனுவுக்கு நகலும் இல்லை, ஒப்புகையும் இல்லை. போன இடம் தெரியவில்லை. இரண்டாவதை எழுதியவர் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. முத்திரையும் தேதியும் இட்ட ஒப்புகையை அவர் குடும்ப அட்டையின் உறைக்குள் மடித்து வைத்திருந்தார். சிறுமி கடிபடுவதற்கு நான்கு மாதம் முந்திய தேதி! எஷ்ணுன்னாவில் அதிகாரிகள் நாய்க்காரனுக்கு அறிவித்தார்கள். இங்கே குடிமகன் அதிகாரிகளுக்கு அறிவித்திருக்கிறான். அதிகாரிகள் அறியார் என்று இனி எவரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் சேர்த்து, செயல் அலுவலருக்கு ஒரு கோரிக்கை மனுவைப் பதிவஞ்சலில் அனுப்பினோம். அதன் நகலுடன் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்தோம். 15100 என்னும் தொலைபேசி எண்ணிலும் வழி கேட்கலாம் என்பதை அங்கேதான் அறிந்தேன். துப்புரவு முதலிய பொதுச் சேவைகள் பற்றிய பிணக்குகளை நிரந்தர மக்கள் நீதிமன்றம் கட்டணமின்றிக் கேட்கும். அங்குத் தீராவிட்டால் உயர்நீதிமன்றம் இருக்கிறது. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில் உயர்நீதிமன்றம் என்றால் இரவு முழுதும் இரயிலில் சென்னைக்குப் போகவேண்டும். 2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கப்பட்டபின், பரவையில் காலையுணவு உண்டு சென்றவர் இரவுணவுக்கு வீடு திரும்பலாம்.

விண்ணப்பம் கொடுக்கும் நாளில் சிறுமியின் தந்தைக்கு வழி தெரியவில்லை. என்னால் நீண்டதூரம் வண்டியோட்ட இயலாது. பரவைக் காய்கறிச் சந்தையில் கடை வைத்திருக்கும் ஒருவனிடம் சொன்னேன். கடையை மனைவியிடம் விட்டுவிட்டு, தன் இருசக்கர வண்டியில் அவரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துக்கு அவனே அழைத்துச் சென்றான். வண்டியை நிறுத்திவிட்டு அவன் சற்றே சாய்ந்து நடந்து படியேறியதாக அத்தந்தை பின்னர் என்னிடம் சொன்னார். விண்ணப்பத்துக்குரிய எண் கிடைத்துவிட்டது. அமர்வு நாளுக்கான அழைப்பை எதிர்நோக்கி இருக்கிறோம்.